இரண்டு அங்குலம் உயர்ந்த ஜீப்

ஒரு வாகனத்தின் உயரத்தை மாற்ற நினைப்பவர் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். எழுத்து மூலம் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். இதுதான் விதி. அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு விதிகளை விளக்கியே தலை நரைத்தவன் நான். எந்தப் படிவம் எந்த முகப்புக்குப் போகும், எந்தக் கையெழுத்து இல்லையென்றால் எது திரும்பி வரும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவனின் வீட்டில், செலண்டாருக்குப் பக்கத்தில் தாமான் என்று சொல்லும் ஒரு குடியிருப்பில், போன சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், அனுமதி வருவதற்கு முன்பே என் பழைய ஜீப் முன்சக்கரங்கள் இரண்டையும் இழந்து இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நின்றுகொண்டிருந்தது.

அதற்குக் காரணம் என் மச்சான். அதற்கும் முந்தைய காரணம் என் மனைவி.

அவள் பிறந்தது மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத்தில். அங்கே வீடுகளை இடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. செம்பனை மரங்களுக்கு நடுவே முனியாண்டி கோயில் மட்டும் நிற்கிறது. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய தோட்டத்து ஆட்கள் எங்கெங்கிருந்தோ அங்கே கூடிப் பொங்கல் வைப்பார்கள். முதல் பானை என் மனைவி வீட்டுப் பானை. அந்த இடத்தில் சூலம் நட்டவர் அவளுடைய தாத்தா என்பதால் வந்த உரிமை அது. அந்தப் பானை பொங்கி வழிந்த பிறகுதான் மற்ற அடுப்புகளில் தீ வைப்பார்கள். வீட்டில் மூத்த பெண்தான் வைக்க வேண்டும் என்பது வழக்கம். மாமியார் போன பிறகு பானை இவள் கைக்கு வந்தது. வருடம் முழுவதும் எனக்கு அடங்கி நடப்பதுபோல் தோற்றம் காட்டும் அவள், அந்த ஒரு நாள் மட்டும் ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து, பானையை மடியில் வைத்துக்கொண்டு, ராணிபோல் வருவாள்.

அதற்கு முந்தைய ஆடியில் என்ன நடந்தது என்றால், செம்பனைப் பழக்குலை ஏற்றும் லாரிகள் அந்த மண்பாதையில் இரண்டு பக்கமும் ஆழமான தடம் போட்டுவிட்டிருந்தன. நடுவில் மண் மேடு கல்போல் இறுகிக் கிடந்தது. எங்கள் ஜீப்பின் வயிறு அந்த மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தனவே தவிர வண்டி அசையவில்லை. வேறு வழியில்லாமல் அவள் இறங்கினாள். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மீதித் தூரத்தை நடந்தே கடந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூசாரி வேறொருவர் பானையை ஏற்றி அடுப்பு மூட்டச் சொல்லிவிட்டிருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. நூறு பேர் பசியோடு எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்?

அவள் கடைசி வரிசையில் ஓர் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது, சன்னல் பக்கம் பார்த்தபடி, "அடுத்த வருசம் இந்த வண்டியில ஏற மாட்டேன்" என்றாள்.

அந்த மாதமே கடலுக்கு அந்தப் பக்கம் மீரியிலிருந்து மகள் அழைத்தாள். இரண்டாவது பிரசவம், உதவிக்கு ஆள் இல்லை. மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி என் மனைவி விமானம் ஏறினாள். மூன்று மாதம் முடிந்தது. பிறகு குழந்தைக்குச் சளி என்றாள், மகளுக்கு விடுப்பு முடிந்தது என்றாள், மூத்தவன் இவள் ஊட்டினால்தான் சாப்பிடுகிறான் என்றாள். எல்லாமே நியாயமான காரணங்கள். நியாயமான காரணங்களை மறுக்க முடியாது என்பதுதான் அவற்றோடு எனக்குள்ள தொல்லை.

ஒவ்வொரு நாள் காலையிலும் அவளிடமிருந்து ஒரு பூப்படம் வரும். மத்தியானம் "சாப்டீங்களா" என்று வரும். சாயங்காலம் "மாத்திரை" என்று ஒரே சொல் வரும். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவேன். உண்மையில் மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் முனைக்கடையில் பரோட்டாபோல் தட்டிப் போடும் ரொட்டி சானாய்தான். அவள் வைத்துவிட்டுப் போன கறிவேப்பிலைச் செடி கூரை வரை வளர்ந்துவிட்டது. பறித்துப்போட இந்த வீட்டில் தாளிப்பு ஒன்று நடக்க வேண்டுமே. காப்பி கலக்கும்போது கை தானாக இரண்டு குவளைகளை எடுக்கும். ஒன்றைத் திருப்பி அலமாரியில் வைப்பேன். நடைமுறை தெரிந்தவன், ஆனால் இந்த ஒரு நடைமுறை மட்டும் எனக்குப் பழகவேயில்லை.

என்றைக்கு வருகிறாய் என்று ஒருமுறை தொலைபேசியில் நேராகவே கேட்டேன். "பாப்பா அழுவுது, அப்புறம் பேசறேன்" என்றாள். பாப்பா அழும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அதைப்பற்றி நான் மேல்முறையீடு செய்யவில்லை.

அந்த நேரத்தில்தான் மச்சான் யோசனையோடு வந்தார். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. செங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி வேலையில் அவருக்குள்ள அனுபவம் எல்லாம் கைப்பேசியில் காணொளி பார்த்த அனுபவம்.

"மாமா, வண்டியை ரெண்டு இஞ்ச் தூக்கிட்டா அந்த மேடு தொடாது லா. ஸ்பிரிங்கு நாலு, ஷாக்கு நாலு. வீட்டுலயே மாட்டிடலாம். அக்கா வந்து பார்த்துட்டு வாயடைச்சுப் போயிடும்."

அவருக்கும் அந்த முதல் பானை முக்கியம். சொந்த அக்கா கடைசி வரிசையில் பொங்கல் வைத்ததை அவரும் பார்த்துக்கொண்டுதானே நின்றார்.

நான் அவரைப்போல் குதிக்கிற ஆள் இல்லை. அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அந்த மண்பாதைக்கே போய், அளவுநாடாவால் நடுமேட்டின் உயரத்தை அளந்தேன். வீட்டுக்கு வந்து ஜீப்பின் வயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று படுத்துக்கொண்டு அளந்தேன். இரண்டு அங்குலம் போதும். அதற்கு மேல் உயர்த்துவது இளவட்டங்களின் பவிசுக்கு. பிறகு முறைப்படி விண்ணப்பம் அனுப்பினேன். ஸ்பிரிங்குகளுக்கும் சொல்லிவைத்தேன். அனுமதி முதலில் வரும், சாமான் பிறகு வரும் என்பது என் கணக்கு. சாமான் முதலில் வந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா என்றே அப்போது தெரியவில்லை.

"பதில் வரட்டும், மச்சான்" என்றேன்.

"மாட்டி வைப்போம் லா மாமா. ரோட்டுக்கு எடுத்தாத்தானே குத்தம்? வீட்டு போர்ச்சுல நிக்கிற வண்டி உயரமா நின்னா யாருக்கு என்ன?"

வாதத்தில் ஓட்டை இருப்பது தெரிந்தது. ஆனால் ஆடிக்கு அதிக நாள் இல்லை என்பதும் தெரிந்தது. அனுமதி வரும்வரை வண்டி கேட்டைத் தாண்டாது என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, சட்டையைக் கழற்றினேன்.

சொல்வதற்கு எளிய வேலை அது. பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கால் தூக்கி, சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பரின் போல்ட்டை நீக்கி, ஆக்சிலை மெல்லக் கீழே இறக்கினால் பழைய ஸ்பிரிங் தானாக விழும். அந்த இடத்தில் நீளமான புதிய ஸ்பிரிங்கை நுழைக்க வேண்டும். இரண்டு கிழவர்கள் செய்தால், ஒவ்வொரு போல்ட்டும் ஒரு சமுதாயப் பிரச்சினை. துருப்பிடித்த ஒரு நட்டு எங்கள் இருவரையும் காலை முழுவதும் அவமானப்படுத்தியது. மச்சான் குழாய் ஒன்றை ஸ்பேனரில் செருகித் தொங்கினார். நான் அவரைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

"ஆபிசுல ஃபைல் நகர்த்தற மாதிரி நகர்த்தாதீங்க மாமா, அழுத்துங்க!"

"நீ பெட்டி அடுக்கின மாதிரி அடுக்கியிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

"என் பொட்டி எல்லாம் அன்னிக்கே லாரி ஏறிடும். உங்க ஃபைலு என்னாச்சுன்னு ஊரையே கேளுங்க."

முன் ஸ்பிரிங் எது, பின் ஸ்பிரிங் எது என்று குழப்பம் வரக்கூடாது என்பதற்காக நான் முதல்நாளே சீட்டு எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டி வைத்திருந்தேன். சாமான் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மச்சான் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தார். சீட்டுகள் போய்விட்டன. உத்தேசமாக மாட்டினோம். சாயங்காலம் வண்டியைக் கீழே இறக்கியபோது, உயர்ந்த கிளையில் தழை மேயப் பார்க்கும் ஆடுபோல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மறுநாள் எல்லாவற்றையும் கழற்றி, முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றினோம். பிரேக் குழாய் இழுபடாமல் தளர்வாக இருக்கிறதா என்று பார்த்தேன். வண்டியின் எடை நான்கு சக்கரத்திலும் இறங்கிய பிறகே கடைசியாக எல்லா போல்ட்டுகளையும் முறுக்க வேண்டும் என்பதையும் விடவில்லை. இரண்டு பேரும் எழுந்து நின்று பார்த்தோம். சரியாக இரண்டு அங்குலம். எனக்கே கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

அப்போது பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலியோரம் வந்தார். என் மனைவிக்கு நெருங்கிய தோழி. இருவரும் வேலிக்கு மேல் குழம்பும் குறையும் பரிமாறிக்கொள்வார்கள்.

"அம்போய், திங்கிஞா!" என்றார். அடேயப்பா, என்ன உயரம் என்று அர்த்தம். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்து, கதவின் மேல் கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை வைத்து ஏறிப் பார்த்தார். இடுப்பில் சுற்றிய சாரோங் விடவில்லை. இன்னொரு தடவை முயன்றார். முடியாமல் சிரித்துக்கொண்டே இறங்கி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, மலாயில் கேட்டார்: "என்னாலயே ஏற முடியலையே அங்கிள், ஆன்ட்டி எப்படி ஏறுவாங்க? அவங்களுக்கு என்னைவிட முட்டி மோசமாச்சே. போற அன்னைக்குக்கூட வலியில அழுதாங்களே!"

மச்சான் கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை மறுபடியும் துடைத்தார்.

மேட்டை அளந்தேன். வயிற்றை அளந்தேன். குழாயின் தளர்வைப் பார்த்தேன். முன்விளக்கின் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் படுமே என்று அதைக்கூடக் கீழே திருப்பி வைத்தேன். யாருக்காக இந்த வண்டியை உயர்த்தினேனோ, அவள் கால் எவ்வளவு உயரம் தூக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியாது. அவள் அழுததும் தெரியாது. அன்று விமான நிலையத்தில் அவளுடைய பெட்டியின் எடையைச் சரிபார்ப்பதில் நான் மும்முரமாக இருந்தேன்.

"சைடு ஸ்டெப்பு அடிச்சிடலாம் மாமா" என்றார் மச்சான், மெதுவாக.

"அது கீழே தொங்கும். தடத்தோட ஓரத்து மண்ணுல இடிச்சு நின்னுடும். தூக்கினதுக்கே அர்த்தமில்லாம போயிடும்."

"அப்ப ஒரு மணை. மரத்துல. ஏறினதும் கயித்தால உள்ள இழுத்துக்கலாம்."

நல்ல யோசனைதான். ஆனால் மணை என்ன உயரம்? அவளைத்தான் கேட்க வேண்டும். அன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். என் வழக்கப்படி முதல் வரைவில் "பொருள்" என்று தொடங்கிவிட்டேன். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். "வண்டியை உயர்த்தியிருக்கிறோம். இனி மேடு இடிக்காது. நீ ஏற மணை செய்ய வேண்டும். உன் கால் எவ்வளவு உயரம் தூக்க முடியும் என்று சொல்." படமும் சேர்த்து அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் உடனே விழுந்தன. பார்த்துவிட்டாள்.

பதில் வரவில்லை.

மறுநாள் காலையில் பூப்படம் வந்தது. மத்தியானம் "சாப்டீங்களா". சாயங்காலம் "மாத்திரை". என் கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த நாளும் அப்படியே. அவள் மறந்திருக்க மாட்டாள். ஒரு கோப்பை மறப்பதற்கும், எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே மூடி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். நான் கேட்டது காலின் உயரம். அவள் காதில் விழுந்தது, நீ வருகிறாயா இல்லையா என்ற கேள்வி. சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

வைகாசி வந்தது. ஜீப் போர்ச்சிலேயே நின்றது. சாயங்காலங்களில் நான் காப்பியோடு அதில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொள்வேன். புதிய உயரத்திலிருந்து பக்கத்து வீட்டு மிளகாய்ச் செடிகளும், சாலை முனையும், அங்கே வாடகைக் கார்கள் திரும்புவதும் தெரியும். ஒவ்வொரு காரும் திரும்பும்போது கண் அதன் பின்னாலேயே போகும். யாராவது பார்த்தால் என்ஜின் சத்தத்தைக் கவனிக்கிறேன் என்பேன். என்ஜின் ஓடாது. இடது பக்க இருக்கையில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் இன்னும் இருந்தது. அதில் குவளையை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்கிடையில் அரசாங்கத்தின் பதில் வந்துவிட்டது. ஆயுள் முழுவதும் அரசாங்க அலுவலகங்களைக் கேலி செய்து பிழைத்தவன் நான். அவர்கள் சொன்ன தவணைக்குள் ஒழுங்காகப் பதில் அனுப்பி என் வாயை அடைத்தார்கள். மச்சான் ஏற்பாடு செய்த லாரியில் ஏற்றி வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். மாட்டியதெல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். பொழுதெல்லாம் திட்டுவதற்கு ஒரு அலுவலகமாவது மிஞ்சியிருந்தது, அதுவும் போயிற்று. பதில் தராமல் இருந்தது என் வீட்டுக்காரி ஒருத்திதான்.

ஆனி மாதத்தில் ஒருநாள் மச்சானும் நானும் அந்த மண்பாதைக்கு ஜீப்பை ஓட்டிப் பார்த்தோம். முந்தின நாள் மழை. போன வருடம் மாட்டிக்கொண்ட இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அடியில் ஒரு புல் உரசிய சத்தம்கூட இல்லாமல் வண்டி தாண்டிப் போனது. மச்சான் "ஹோய்!" என்று கத்திக் கையைத் தட்டினார். கோயில் வாசலில் இறங்கினோம். ஆள் யாரும் இல்லை. முதல் பானை வைக்கும் மூன்று கற்கள் மழையில் நனைந்து கறுப்பாக இருந்தன. மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அக்கா வருமா மாமா?"

"விண்ணப்பம் பரிசீலனையில இருக்கு" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் அவர் இடது பக்க இருக்கையில் பேசாமல் உட்கார்ந்து வந்தார். வாய் ஓயாத மனிதர் பேசாமல் வரும்போது, அந்த இருக்கை காலியாக இருப்பதைவிட அதிகக் காலியாகத் தெரிந்தது.

அதன் பிறகு நான் நினைவூட்டல் அனுப்பவில்லை. முதல் நினைவூட்டல், இரண்டாவது நினைவூட்டல், இறுதி நினைவூட்டல் என்று ஊரில் எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறேன்! அவளுக்கு அனுப்பக் கை வரவில்லை. வலிக்கிற காலை வைத்துக்கொண்டு, வர முடியாது என்று எழுதவும் மனமில்லாமல், வருகிறேன் என்று எழுதவும் தைரியமில்லாமல் அங்கே ஒருத்தி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் "மாத்திரை" என்று அவள் எழுதியபோது, "நீ முட்டிக்குத் தைலம் தேய்த்தாயா" என்று திருப்பிக் கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் அவளிடம் விசாரித்த முதல் தைலம் அது. சற்று நேரம் கழித்து, "ம்" என்று வந்தது. மறுநாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன். தேய்த்தால் கேட்கிறது என்றாள். மகள் ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போனதாகச் சொன்னாள். படியில் ஏறிப் பழகச் சொல்லியிருக்கிறார்களாம்.

பிறகு ஒருநாள் காலையில் பூப்படம் வரவில்லை. நான் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேறு ஒரு படம் வந்தது. மகள் வீட்டு மாடிப்படி. அதில் என் மனைவியின் பாதம், கணுக்காலில் முட்டியிலிருந்து வழிந்த தைலத்தின் மஞ்சள் கறை, பக்கத்தில் யாரோ செங்குத்தாகப் பிடித்த மர ஸ்கேல். கீழே எழுதியிருந்தாள்:

"வலது கால் ஒரு அடி தூக்குவேன். இடது கால் முக்கால் அடிதான். வலது காலை வச்சுத்தான் ஏறணும். மணைக்கு அடியில ரப்பர் ஒட்டுங்க, மண்ணுல வழுக்கும். பானையை முன்னாடியே தேய்ச்சு வைங்க."

நான் எழுந்து போய் மச்சானை அழைத்தேன். அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் பலகை வாங்கி வா என்றேன். இப்போதும் யாரையாவது எங்கேயாவது வரச் சொல்ல வேண்டியிருந்தால், அவர்களுக்கு எவ்வளவு ஏற முடியும் என்று முதலில் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். அப்படிக் காத்திருந்ததற்கு எனக்குக் கிடைத்த முதல் பதிலான அந்த மாடிப்படிப் படம் வந்து சேர்ந்தது, ஆனி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை.